டன் கணக்கு மட்டும் போதாது: வீட்டுக் கார் வேலைக்கான ட்ராலி ஜாக்கி, ஒரு மதிப்பீடு

காருடன் வரும் சிசர் ஜாக்கி, நடுவழியில் டயர் பஞ்சரானால் ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு வீடு வந்து சேர்வதற்காகக் கொடுக்கப்படுவது. பிரேக் பேட் மாற்றுவது, சக்கரங்களை இடம் மாற்றி மாட்டுவது, இன்ஜின் ஆயிலை வடிப்பது, ஷாக் அப்சார்பரில் கசிவு இருக்கிறதா என்று பார்ப்பது போன்ற வேலைகளை வீட்டிலேயே செய்துகொள்ள முடிவெடுத்தவருக்கு அது போதாது. அவர் வாங்க வேண்டிய முதல் பெரிய கருவி, ஃப்ளோர் ஜாக் என்றும் ட்ராலி ஜாக்கி என்றும் விற்கப்படும் சக்கரம் வைத்த ஹைட்ராலிக் ஜாக்கிதான். நான் பல ஆண்டுகளாகப் பயன்படுத்திவருவது 2.5 டன் தாங்கும், தாழ்வான முகப்புடைய, இரட்டைப் பம்ப் உள்ள எஃகு ஜாக்கி. அதற்கு முன்பு, நிமிர்ந்து நிற்கும் பாட்டில் ஜாக்கியை வைத்து வேலை செய்திருக்கிறேன்; எடை குறைந்த அலுமினிய ஜாக்கியையும் பயன்படுத்திப் பார்த்திருக்கிறேன். நிறுவனத்தின் பெயரை நான் இங்கே குறிப்பிடாததற்குக் காரணம் உண்டு. ஒரே தொழிற்சாலையில் உருவாகும் ஜாக்கி வெவ்வேறு நிறத்திலும் வெவ்வேறு பெயரிலும் விற்பனைக்கு வருவது இந்தக் கருவியில் வெகு சாதாரணம். ஆகவே ஒட்டியிருக்கும் பெயரைவிட, அளவுகளையும் வேலைப்பாட்டையும் பார்த்துத் தேர்ந்தெடுப்பதே பயன் தரும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜாக்கி வாங்கப் போகும் எவரும் முதலில் கேட்பது எத்தனை டன் தாங்கும் என்பதைத்தான். ஆனால் வீட்டுக் காருக்கு அந்தக் கேள்வி மிக எளிதில் தீர்ந்துவிடுகிறது. மீதமிருக்கும் மூன்று கேள்விகளே ஒரு நல்ல ஜாக்கியையும் தொல்லை தரும் ஜாக்கியையும் பிரித்துக் காட்டுகின்றன: காரைத் தொட்டுத் தூக்கும் தலை எவ்வளவு தாழ்வாக இறங்கும், எவ்வளவு உயரத்துக்கு ஏறும், சுமையுடன் இறக்கும்போது அது நம் கைக்கு எவ்வளவு கட்டுப்படும். நான் வைத்திருக்கும் ஜாக்கி இந்த மூன்றிலும் தேறுகிறது. எடையில் மட்டும் சோதிக்கிறது.

உள்ளே என்ன நடக்கிறது என்பதைச் சற்றுத் தெரிந்துகொண்டால், தேர்வும் பராமரிப்பும் எளிதாகும். அடைபட்ட திரவத்தின் மீது ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்பது பாஸ்கல் 17ஆம் நூற்றாண்டில் விளக்கிய விதி. அதை வைத்து ஜோசப் பிராமா 1795இல் ஹைட்ராலிக் பிரஸ் என்னும் அழுத்தும் இயந்திரத்தை உருவாக்கிக் காப்புரிமை பெற்றார். ரிச்சர்ட் டட்ஜன் 1851இல் கையில் தூக்கிச் செல்லக்கூடிய ஹைட்ராலிக் ஜாக்கிக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய ட்ராலி ஜாக்கியிலும் அதே அமைப்புதான் இருக்கிறது. கைப்பிடியை அசைக்கும்போது ஒரு சிறிய பம்ப் பிஸ்டன் ஆயிலைத் தொட்டியிலிருந்து இழுத்துப் பெரிய சிலிண்டருக்குள் தள்ளுகிறது. தள்ளிய ஆயில் திரும்பி ஓடாதபடி எஃகுக் குண்டு வைத்த ஒருவழி வால்வுகள் தடுக்கின்றன. பம்ப் பிஸ்டனின் விட்டம் 10 மி.மீ., பெரிய பிஸ்டனின் விட்டம் 40 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், பரப்பளவு 16 மடங்கு ஆகிறது. விசையும் அந்த அளவுக்குப் பெருகுகிறது. நீண்ட கைப்பிடியின் நெம்புவிசை அதனுடன் சேர்ந்துகொள்கிறது. பெரிய பிஸ்டனின் குறுகிய ஓட்டத்தைத் தூக்கும் கையின் நீண்ட உயர்வாக மாற்றுவதற்கு அந்தப் பெருக்கத்தில் ஒரு பகுதி செலவாகிறது என்றாலும், மீதமிருப்பதே ஒரு காரை ஒற்றைக் கையால் உயர்த்தப் போதுமானது.

இனி டன் கணக்கு. ஏறத்தாழ 1,200 கிலோ எடையுள்ள ஒரு சிறிய காரில் இன்ஜின் முன்புறம் இருக்கும்போது, எடையில் 60 சதவீதம் அளவுக்கு முன் சக்கரங்களின் மீது நிற்கும். ஆகவே முன்பக்கம் முழுவதையும் நடுவிலிருந்து தூக்கினாலும் ஜாக்கியின் மீது விழுவது 700 கிலோ அளவுதான். ஒரு மூலையை மட்டும் தூக்கினால் அதிலும் குறைவு. இரண்டு டன் எடையுள்ள பெரிய எஸ்யூவிக்குக்கூட இதே கணக்கில் 2 டன் ஜாக்கி சுமையைத் தாங்கிவிடும். அப்படியிருந்தும் 2.5 அல்லது 3 டன் ஜாக்கியை நான் பரிந்துரைப்பதற்குக் காரணம், அந்த வகையில்தான் நீளமான உடலும், அகன்ற சக்கர இடைவெளியும், கூடுதல் உயரமும் கிடைக்கின்றன என்பதே. மலிவான 2 டன் ஜாக்கிகள் பெரும்பாலும் பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடங்கும் அளவுக்குக் குட்டையாக இருக்கும். அவற்றின் குறை சுமையில் இல்லை, நிலைத்தன்மையில் இருக்கிறது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அமெரிக்கச் சந்தைக்காகச் செய்யப்பட்ட ஜாக்கிகளில் ஒரு டன் என்பது ஏறத்தாழ 907 கிலோ. மெட்ரிக் டன் என்பது 1,000 கிலோ. எனவே ஸ்டிக்கரில் பெரிதாக அச்சிட்டிருப்பதை விட்டுவிட்டு, உடலில் பதித்த தகட்டில் கிலோவில் எழுதியிருப்பதைப் படிக்க வேண்டும். அதே தகட்டில் ஐரோப்பியத் தரமான ஈ.என். 1494 அல்லது அமெரிக்கத் தரமான ஏ.எஸ்.எம்.இ. பி.ஏ.எல்.டி. குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளலாம்.

உயரத்தைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் வாங்கியபின் வருந்துவோரில் பெரும்பாலோர் வருந்துவது இதற்காகத்தான். தலை முழுவதும் இறங்கிய நிலையில் சாதாரண ஜாக்கியின் உயரம் 130 முதல் 140 மி.மீ. வரை இருக்கும், தாழ்வான முகப்புடையவற்றில் அது 75 முதல் 90 மி.மீ. வரை இருக்கும். காரின் தரை இடைவெளி 165 மி.மீ. என்று கையேட்டில் படித்துவிட்டு, 140 மி.மீ. ஜாக்கி தாராளமாக உள்ளே போகும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் நாம் ஜாக்கியை எடுப்பதே பல வேளைகளில் டயரில் காற்று இறங்கிய பிறகுதான்; அப்போது அந்த மூலை தரையை நோக்கிச் சாய்ந்திருக்கும். தலையின் மேல் ரப்பர் பேட் வைத்தால் இன்னும் 20, 25 மி.மீ. போய்விடும். முன்பக்க நடுப் புள்ளியை எட்ட வேண்டுமானால் பம்பரின் கீழ் விளிம்பைத் தாண்டி ஜாக்கியின் உடல் முழுவதும் நுழைய வேண்டும். அங்கே தலையின் உயரம் மட்டுமின்றி, உடலின் உயரமும் கைப்பிடி அசைவதற்கான இடமும் தடையாகின்றன. குட்டையான ஜாக்கியில் கைப்பிடி பம்பரில் இடித்து, முழு வீச்சில் பம்ப் செய்ய முடியாமல் துளித்துளியாக உயர்த்த நேர்கிறது. நீளமான உடல் உள்ள ஜாக்கியில் இந்தச் சிரமம் இல்லை.

மேல் உயரத்தில் இன்னொரு கணக்கு மறைந்திருக்கிறது. காரின் உடலைத் தூக்கத் தொடங்கியவுடன் சக்கரம் தரையை விட்டு எழும்புவதில்லை. அமுங்கியிருந்த சஸ்பென்ஷன் சுருள் விரிந்துகொண்டே சக்கரத்தைக் கீழே தள்ளிக்கொண்டிருக்கும். பல கார்களில் முதல் 80 முதல் 100 மி.மீ. உயர்வு இதற்கே செலவாகிறது. ஜாக்கியின் தலையை வைக்கும் இடமான தாங்கு புள்ளி தரையிலிருந்து 170 மி.மீ. உயரத்தில் இருந்தால், சக்கரம் எழும்புவதற்கே தலை 270 மி.மீ. வரை போக வேண்டும். அடுத்ததாக, தூக்கிய காரைத் தாங்கிக்கொள்ள அதன் அடியில் நிறுத்த வேண்டிய ஆக்சில் ஸ்டாண்டின் குறைந்தபட்ச உயரம் பல வகைகளில் 280 மி.மீ. அளவில் இருக்கிறது, அதை உள்ளே செருக இன்னும் கொஞ்சம் இடைவெளி வேண்டும். இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்தால், அதிகபட்ச உயரம் 350 மி.மீ. உள்ள சிறிய ஜாக்கி டயர் மாற்றுவதற்குச் சரியாக இருந்தாலும், ஸ்டாண்டு வைத்து வேலை செய்வதற்குத் தடுமாறும் என்பது விளங்கும். எஸ்யூவி என்றால் பேச்சுக்கே இடமில்லை. 450 முதல் 500 மி.மீ. வரை உயரும் ஜாக்கியே வீட்டில் எல்லா வேலைக்கும் ஈடுகொடுக்கிறது. உயரம் போதவில்லை என்று தலைக்கும் காருக்கும் நடுவில் செங்கல்லையோ மரக்கட்டை அடுக்கையோ செருகுவதை நான் எந்த நிலையிலும் ஏற்கமாட்டேன். செங்கல் சுமையில் முன்னறிவிப்பின்றி நொறுங்கும்; கட்டை பிளந்து வழுக்கும்.

வாங்கும்போது பலரும் கவனிக்காமல் விடுவது சக்கரங்களை. ட்ராலி ஜாக்கியின் தலை நேர்க்கோட்டில் மேலே போவதில்லை. பின்புறம் பொருத்தப்பட்ட அச்சைச் சுற்றித் தூக்கும் கை சுழல்வதால், தலை ஒரு வில் போன்ற பாதையில் உயர்ந்து, கைப்பிடிப் பக்கமாகச் சிறிது சிறிதாகப் பின்வாங்குகிறது. காரின் மறுபக்கச் சக்கரங்களை நாம் அசையாமல் கட்டிவைத்திருப்பதால், ஜாக்கிதான் காருக்கு அடியில் உருண்டு முன்னேறி அந்த விலகலை ஈடுசெய்ய வேண்டும். அதனால்தான் இந்த ஜாக்கிக்குச் சக்கரம் வைத்திருக்கிறார்கள். இழுத்துச் செல்லும் வசதி இரண்டாம் பட்சம்தான். சரளைக் கல்லிலோ மண்ணிலோ சக்கரம் புதைந்து உருள மறுத்தால், தலை தாங்கு புள்ளியிலிருந்து நழுவத் தொடங்கும். வெயிலில் இளகிய தாரிலும் இதே ஆபத்து உண்டு. சமதளமான கான்கிரீட் தரையே இதற்கு உரியது. மண் தரைதான் இருக்கிறது என்றால், ஜாக்கி முழுவதும் நின்று உருளுமளவுக்குப் பெரிய, தடித்த பிளைவுட் பலகையோ எஃகுத் தகடோ அடியில் வேண்டும். முன் சக்கரங்கள் அகன்ற எஃகு உருளைகளாகவும், பின் சக்கரங்கள் தடையின்றித் திரும்புவனவாகவும் இருக்கின்றனவா என்று கடையிலேயே உருட்டிப் பார்ப்பது நல்லது. டைல்ஸ் ஒட்டிய தரையில் இந்த எஃகுச் சக்கரங்கள் டைல்ஸை உடைத்துவிடும் என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும்.

என் ஜாக்கியில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம் அதன் இறக்கும் வால்வு. கைப்பிடியை இடப்புறமாகத் திருப்பினால் வால்வு திறந்து ஆயில் தொட்டிக்குத் திரும்புகிறது, கார் இறங்குகிறது. இதில் நல்ல ஜாக்கிக்கும் மோசமான ஜாக்கிக்கும் உள்ள வேறுபாடு மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. நல்ல ஜாக்கியில் கைப்பிடியை நூலளவு திருப்பினால் கார் நூலளவு இறங்கும். நிறுத்த நினைத்த இடத்தில் நிற்கும். மோசமான ஜாக்கியில் ஒரு குறிப்பிட்ட இடம்வரை ஒன்றும் நடக்காமல், அதன்பின் ஒரேயடியாகக் கார் விழும். ஸ்டாண்டின் தலை மீது காரை மெதுவாக அமர்த்த வேண்டிய அந்தக் கணத்தில் இந்த வேறுபாடு உயிருக்கே பொறுப்பாகிறது. கடையில் வெறும் ஜாக்கியை ஏற்றி இறக்கிப் பார்ப்பதில் இது தெரியாது, ஏனெனில் சுமை இல்லாதபோது சுருள்கம்பியின் இழுப்பில்தான் கை இறங்குகிறது. இயன்றால் ஒரு காரைத் தூக்கி இறக்கிக் காட்டச் சொல்ல வேண்டும்; இயலாவிட்டால், கைப்பிடிக்கும் வால்வுக்கும் இடையே உள்ள இணைப்பில் தொளதொளப்பு இருக்கிறதா என்றாவது பார்க்க வேண்டும்.

இரட்டைப் பம்ப் பயனுள்ளதுதான், ஆனால் இன்றியமையாததல்ல. சுமை இல்லாத நிலையில் தலை விரைவாக எழும்பித் தாங்கு புள்ளியைத் தொட்டுவிடுவதால் குனிந்திருக்கும் நேரம் குறைகிறது, அவ்வளவே.

தலையின் மேல் வைக்கும் ரப்பர் பேடைத் தனியாக வாங்கினாலும் தகும். இன்றைய கார்களில் பக்கவாட்டுத் தாங்கு புள்ளி என்பது, இரு தகடுகளைச் சேர்த்துப் பற்றவைத்த, கீழ்நோக்கி நீளும் மெல்லிய விளிம்பு. அதன் முழு நீளமும் சுமை தாங்காது. கையேட்டில் காட்டிய, வெட்டுக்குறி இட்ட இடங்களில் மட்டுமே உள்ளே வலுவூட்டியிருப்பார்கள். ஜாக்கியின் வெற்று எஃகுத் தலையை அங்கே வைத்துத் தூக்கினால் விளிம்பு மடங்கும், பெயின்ட் உரியும், உரிந்த இடத்தில் துரு குடியேறும். நடுவில் பள்ளம் வெட்டிய ரப்பர் பேடில் விளிம்பு உள்ளே அமர்ந்துகொள்ள, சுமை இருபுறமும் உள்ள தட்டையான பகுதிக்குப் போகிறது. முன்புறம் குறுக்காக ஓடும் சட்டமான க்ராஸ் மெம்பரை நடுத் தாங்கு புள்ளியாகக் கையேடு அனுமதித்தால் அங்கே தூக்கலாம். ஆயில் பேன், கியர்பாக்ஸ், ரேடியேட்டர் தாங்கி, வெறும் தரைத்தகடு ஆகியவற்றில் ஒருபோதும் தலையை வைக்கக் கூடாது. மின்கார்களில் தரை முழுவதும் பேட்டரி பரவியிருப்பதால், குறிக்கப்பட்ட புள்ளியைத் தவிர வேறெங்கும் தொடவே கூடாது. காற்று சஸ்பென்ஷன் உள்ள வண்டிகளில், தூக்குவதற்கு முன் தானே மட்டம் சரிசெய்யும் ஏற்பாட்டை நிறுத்திவைக்க வேண்டும்.

எஃகா, அலுமினியமா என்ற கேள்விக்கு என் பதில் சுருக்கமானது. 2.5, 3 டன் எஃகு ஜாக்கி 30 முதல் 45 கிலோ வரை எடையுள்ளது. அதைத் தூக்கி டிக்கியில் வைப்பது முதுகுக்கு நல்லதல்ல. அலுமினிய ஜாக்கி ஏறத்தாழ அதில் பாதி எடையில் கிடைப்பதால், அடிக்கடி வெளியே எடுத்துச் செல்பவர்களுக்கும் மாடிப்படி ஏறி இறங்க வேண்டியவர்களுக்கும் அது ஏற்றது. ஒரே இடத்தில் வைத்துப் பயன்படுத்துபவருக்கு எஃகே போதும். நீண்ட நாள் உழைப்பில் அதன் மீது எனக்கு நம்பிக்கை அதிகம். பாட்டில் ஜாக்கி சிறியது, வலுவானது, லாரிக்கும் உயரமான ஜீப்புக்கும் பொருத்தமானது. ஆனால் அதன் அடித்தளம் மிகக் குறுகியது, இறங்கிய நிலையிலேயே பெரும்பாலும் 180 மி.மீ.க்கு மேல் உயரமுள்ளது. தாழ்வான காருக்கு அதைப் பரிந்துரைக்க எனக்கு மனமில்லை.

ஜாக்கியைப் பற்றிய எந்த மதிப்பீடும் ஸ்டாண்டைப் பற்றிப் பேசாமல் நேர்மையாக இருக்க முடியாது. ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே. தாங்கிக்கொண்டு நிற்பது அதன் வேலையல்ல. தூக்கிய சுமை முழுவதும் ஒரு சிறிய ரப்பர் வளையத்தின் மீதும், பட்டாணியளவுகூட இல்லாத எஃகுக் குண்டு ஒன்றின் மீதும் நிற்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால், வெறும் ஜாக்கி தாங்கும் காருக்கு அடியில் தலையை நீட்ட எவருக்கும் துணிவு வராது. ஜாக்கிக்கான பணத்தில் ஸ்டாண்டுக்கு இடமில்லை என்றால், விலை குறைந்த ஜாக்கியை வாங்கி இரண்டையும் சேர்த்து எடுத்துக்கொள்வதே சரி. ஸ்டாண்டிலும் பல் பிடித்து நிற்கும் வகையைவிட, துளையில் தடித்த ஊசியைச் செருகி நிறுத்தும் வகையை நான் விரும்புகிறேன். அமெரிக்காவில் 2020ஆம் ஆண்டில், பல் சரியாகப் பிடிக்காமல் திடீரென இறங்கக்கூடும் என்ற காரணத்தால் லட்சக்கணக்கான 3 டன், 6 டன் ஸ்டாண்டுகள் திரும்பப் பெறப்பட்டன. அவற்றுக்கு மாற்றாகக் கொடுக்கப்பட்டவற்றில் சிலவும் பற்றவைப்புக் குறைபாட்டால் அதே ஆண்டில் திரும்பப் பெறப்பட்டன. பல் வகையே வைத்திருப்பவர்கள், காரை இறக்குவதற்கு முன் பல் முழுவதும் உள்ளே அமர்ந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்து, ஸ்டாண்டைக் கையால் கீழ்நோக்கி அழுத்திச் சோதிக்க வேண்டும். கார் ஸ்டாண்டில் அமர்ந்தபின், அடியில் நுழைவதற்கு முன்பாகவே பக்கவாட்டில் தள்ளிப் பார்ப்பதும், கழற்றிய சக்கரத்தைக் காரின் பக்கவாட்டு விளிம்புக்கு அடியில் படுக்கவைப்பதும் நான் ஒருபோதும் தவிர்க்காத செயல்கள்.

சக்கரத்துக்கு அண்டை கொடுப்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பெரும்பாலான கார்களில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரங்களை மட்டுமே பிடிக்கிறது. பின்பக்கத்தைத் தூக்கினால் அந்தப் பிடி காற்றில் தொங்கும் சக்கரங்களோடு பயனற்றுப் போகிறது. தரையில் இருக்கும் முன் சக்கரங்கள் உருளத் தயாராக நிற்கின்றன. ஆகவே பின்பக்கத்தைத் தூக்கும்போது முன் சக்கரங்களின் இருபுறமும் முட்டுக்கட்டை வைப்பது கட்டாயம். வீல் நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே சற்றுத் தளர்த்திவிட வேண்டும்; தூக்கியபின் ஸ்பேனரின் மீது பலம் கொடுத்தால் அந்த அசைவு ஜாக்கிக்குப் போகும்.

பராமரிப்புக்கு வருகிறேன். புதிதாக வாங்கிய ஜாக்கி முதல் நாளிலேயே பஞ்சுபோல் இருக்கிறது, முழு உயரத்துக்குப் போகவில்லை என்று குறைகூறுவோர் பலர். அவற்றில் பெரும்பாலானவை பழுதல்ல; பயணத்தில் சாய்ந்து புரண்டதால் சிலிண்டருக்குள் காற்று புகுந்திருக்கும். ஆயில் சுருங்காது, காற்று சுருங்கும். அதனால் பம்ப் செய்யும் உழைப்பு காற்றை அமுக்குவதிலேயே வீணாகிறது. இதைப் போக்க, சுமையில்லாமல், இறக்கும் வால்வை முழுவதும் திறந்து வைத்துக்கொண்டு கைப்பிடியை 10 அல்லது 15 முறை முழு வீச்சில் விரைவாக அசைக்க வேண்டும். பின்பு வால்வை மூடித் தலையை உச்சிவரை ஏற்றி, மீண்டும் திறந்து இறக்க வேண்டும். இரண்டு மூன்று சுற்றுக்குப் பின் பிடிப்பு உறுதியாகிவிடும். ஆயில் ஊற்றும் துளையின் மூடியை எப்போது திறக்க வேண்டும் என்பது ஜாக்கிக்கு ஜாக்கி மாறுவதால், அதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆயிலின் அளவைப் பார்ப்பது தலை முழுவதும் இறங்கிய நிலையில் மட்டுமே. தலை உயர்ந்திருக்கும்போது ஆயிலில் ஒரு பகுதி சிலிண்டருக்குள் இருப்பதால் தொட்டி காலியாகத் தோன்றும். அந்நேரத்தில் நிரப்பிவிட்டால், இறக்கும்போது திரும்பி வரும் ஆயிலுக்கு இடமில்லாமல் மூடி வழியாகவோ, கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான சீல் வழியாகவோ பீறிடும். மேல்தகட்டைக் கழற்றி, மூடியை எடுத்து, துளையின் கீழ் விளிம்பு வரை அல்லது கையேடு சொல்லும் அளவுக்கு ஊற்றினால் போதும். ஊற்ற வேண்டியது ஹைட்ராலிக் ஜாக்கிக்கென விற்கப்படும் கனிம எண்ணெய். வீட்டு ஜாக்கிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஐ.எஸ்.ஓ. வி.ஜி. 22 அல்லது 32 என்ற தடிமன் பொருந்தும். இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது: பிரேக் ஆயிலை ஒருபோதும் ஊற்றக் கூடாது. டாட் 3, டாட் 4 பிரேக் ஆயில்கள் கனிம எண்ணெய் அல்ல, கிளைக்கால் என்ற வேதிப்பொருளைச் சார்ந்தவை. ஜாக்கிகளில் பரவலாக உள்ள நைட்ரைல் ரப்பர் சீல்கள் அதில் ஊறி உப்பிக் கெட்டுவிடும். பிரேக்கும் ஹைட்ராலிக், ஜாக்கியும் ஹைட்ராலிக், எனவே ஒரே ஆயில் என்ற தவறான எண்ணமே பல நல்ல ஜாக்கிகளைக் கெடுத்திருக்கிறது. இன்ஜின் ஆயிலும் வேண்டாம். அது தடிமனானது, அழுக்கைத் தன்னுள் மிதக்கவைக்கும் சேர்மங்கள் கலந்தது.

ஆயில் பாலைப்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. கறுத்தோ துகளோடோ இருந்தால் உள்ளே தேய்மானம் இருக்கிறது. இரண்டிலும் முழுவதும் வடித்து, புதிய ஆயிலை ஊற்றி, சில முறை ஏற்றி இறக்கி, தேவையானால் மறுபடியும் வடித்து நிரப்ப வேண்டும். மாதம் சில முறை பயன்படுத்துவோர் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றினால் நன்று.

தூக்கிவைத்த கார் தானாக மெல்ல மெல்ல இறங்குகிறது என்றால், கசிவு வெளியிலா உள்ளேயா என்பதே முதல் கேள்வி. தரையிலும் பெரிய பிஸ்டனைச் சுற்றியும் ஈரம் இருந்தால் பிஸ்டன் சீல் தேய்ந்திருக்கிறது. சீல் கிட் வாங்கி மாற்ற வேண்டும். வெளியே ஒரு சொட்டும் இல்லாமல் இறங்கினால், இறக்கும் வால்வின் குண்டுக்கும் அதன் இருக்கைக்கும் நடுவில் ஏதோ ஒரு துகள் சிக்கியிருக்கும் வாய்ப்பே அதிகம். அந்த நிலையில் ஆயிலை மாற்றிச் சுத்தப்படுத்துவதே பல நேரங்களில் குறையைத் தீர்த்துவிடுகிறது. பம்ப் செய்யச் செய்ய ஏறாமல் கைப்பிடி மட்டும் அசைந்தால் வால்வு முழுவதும் மூடவில்லை அல்லது ஆயில் குறைந்திருக்கிறது. குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் போக மறுத்தால் பெரும்பாலும் ஆயில் குறைவுதான். சுமையைத் தூக்க மறுத்து வெறுமனே நின்றால் மிகைச்சுமைத் தடுப்பு வால்வு வேலை செய்கிறது என்று பொருள். அந்த வால்வின் திருகைத் திருகி ஜாக்கியை மேலும் பலசாலியாக்க முயல்வதைப் போன்ற ஆபத்து வேறில்லை. தொழிற்சாலையில் நிர்ணயித்த அந்த அளவுதான் தூக்கும் கையையும் பற்றவைப்புகளையும் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

கிரீஸ் வைக்க வேண்டிய இடங்கள் சில: தூக்கும் கையின் அச்சு, தலையைச் சமமாக வைத்திருக்கும் பக்கக் கம்பிகளின் முனைகள், முன் சக்கர அச்சு, பின் சக்கரங்கள் திரும்பும் இடம், கைப்பிடி பொருந்தும் குழலின் மூட்டு. கிரீஸ் வறண்ட முன் சக்கரம் உருளாது, உருளாத சக்கரம் தலையை நழுவச் செய்யும். ஆகவே அழகுக்காகச் செய்யும் வேலையாக இதைக் கருதக் கூடாது. பயன்படுத்தாதபோது தலையை முழுவதும் இறக்கியே வைக்க வேண்டும். அப்போதுதான் பளபளப்பான பிஸ்டன் உள்ளே மறைந்து, ஈரக் காற்றும் தூசும் படாமல் இருக்கும்; வெளியே நீட்டியிருக்கும் பிஸ்டனில் துருப்புள்ளி ஒன்று விழுந்தால், ஒவ்வொரு ஏற்றத்திலும் அது சீலை அரத்தைப்போல் அராவிவிடும். இடத்தை மிச்சப்படுத்த ஜாக்கியைச் செங்குத்தாகச் சாய்த்து நிறுத்துவதையும் தவிர்க்க வேண்டும், ஏனெனில் காற்றுப்போக்கி வழியாக ஆயில் கசியும், காற்றும் உள்ளே புகும்.

வாங்கும்போதே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இதற்குச் சீல் கிட் கிடைக்குமா? கிடைக்கும் என்றால் அந்த ஜாக்கியை மிக நீண்ட காலம் ஓட்டலாம், ஏனெனில் ரப்பரும் ஆயிலும் மட்டுமே தேயும் பொருள்கள். உடல் பழுதடைந்தால் நிலைமை வேறு. தூக்கும் கை வளைந்திருந்தாலோ, பற்றவைப்பில் மயிரிழை போன்ற வெடிப்பு தெரிந்தாலோ, தலை ஒருபக்கமாகச் சாய்ந்து ஏறினாலோ அந்த ஜாக்கியின் ஆயுள் முடிந்தது. சூடுகாட்டி நிமிர்த்தித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் ஏற்க வேண்டாம்; சூடேறிய எஃகின் பலம் முன்பிருந்ததுபோல் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. அப்படிப்பட்ட ஜாக்கியை மூலையில் போட்டுவைத்தால் என்றாவது ஒருநாள் விவரம் அறியாத ஒருவர் அதை எடுத்துக் காருக்கு அடியில் தள்ளக்கூடும். ஆயிலை வடித்துப் பழைய இன்ஜின் ஆயில் சேகரிக்கும் இடத்தில் ஒப்படைத்து, கைப்பிடியைப் பிரித்தெடுத்து, உடலைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட வேண்டும்.